தொல் துருக்கிய மொழியில் 'கால்': ஒரு சொல்லின் மீட்டுருவாக்கமும் அதன் வழித்தோன்றல்களும்

1. முன்னுரை

துருக்கிய மொழிக்குடும்பத்தின் பழைய நூல்களைப் படிக்கத் தொடங்கும் தமிழர் எவரையும் ஒரு சொல் வழிமறித்து நிறுத்தும். பழந்துருக்கியில் காலைக் குறிக்கும் 'அதக்' என்பதே அச்சொல். தமிழின் 'அடி' உடனே நினைவுக்கு வரும். தெலுங்கின் 'அடுகு' என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று எண்ணத் தோன்றும். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளைத் தாம் 'சித்தியம்' எனப் பெயரிட்ட பெருந்தொகுதியுடன் உறவுபடுத்த முயன்றார். துருக்கிய மொழிகளும் அத்தொகுதியில் அடங்கும். ஆகவே இவ்வெண்ணம் புதியதன்று. அதற்கு நெடிய மரபுண்டு.

இக்கட்டுரை அவ்வொப்புமையை முடிவில்தான் எடுத்துக்கொள்கிறது. அதற்குமுன், அதக் என்னும் சொல் துருக்கிய மொழிகளுக்குள்ளேயே எவ்வாறு மீட்டுருவாக்கப்படுகிறது, அதன் வழித்தோன்றல்கள் எவை, எந்தச் சான்று எதனை நிறுவுகிறது என்பனவற்றைப் படிப்படியாக ஆராய்கிறது. ஒரு குடும்பத்தின் தொல்வடிவத்தைக் காணாமல் அதன் ஒரு கால வடிவத்தை மட்டும் எடுத்து மற்றொரு குடும்பத்தின் சொல்லோடு ஒப்பிடுவது எத்தகைய பிழைக்கு இட்டுச்செல்லும் என்பதை இச்சொல்லே நன்கு காட்டும்.

குறியீடு பற்றி ஒரு சொல். மீட்டுருவாக்க வடிவங்களுக்கு முன் உடுக்குறி (*) இடப்பட்டுள்ளது. உயிர்களுக்கிடையே வரும் தனித் தகரம், தமிழின் 'அது' என்பதில் உள்ளது போல, ஒலிப்புடையது. இரட்டைத் தகரம் ஒலிப்பிலா ஒலியைக் குறிக்கும்; இரட்டிப்பைக் குறிக்காது. ஒலிப்புடைய சகர உரசொலி 'ஃஜ' என எழுதப்படுகிறது.

2. இன்றைய வடிவங்கள்

துருக்கி மொழியில் இச்சொல் 'அயக்'. அஜர்பைஜானியம், துருக்மெனியம், கஜாக்கியம், கிர்கிசியம், தாத்தாரியம் ஆகியவற்றிலும் அதுவே சிறு ஒலி வேறுபாடுகளுடன் வழங்குகிறது. உஸ்பெக்கியத்தில் 'ஒயொக்'. தென்சைபீரியாவின் ஹகாசியத்தில் 'அஃஜஹ்'. அதனையடுத்த துவாவில் 'அதக்'. வடகிழக்குச் சைபீரியாவின் யாக்குத்தியத்தில் 'அத்தஹ்'. வோல்கா ஆற்றுப் பகுதியின் சுவாசியத்தில் 'உர'. நடு ஈரானின் சில சிற்றூர்களில் பேசப்படும் கலஜ் மொழியில் 'ஹதக்'.

இடைமெய் ய், ஃஜ், த், த்த், ர் என ஐந்து வகையாக வேறுபடுவதைக் காணலாம். இவ்வேறுபாடு மிகத் தெளிவானதாகையால் துருக்கிய மொழிகளை வகைப்படுத்தியோர் பலரும் இச்சொல்லையே அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டனர். ரஷ்ய அறிஞர் சமொய்லோவிச் 1922இல் வெளியிட்ட பகுப்பிலும், துருக்கிய அறிஞர் தலாத் தெக்கின் 1980களின் இறுதியில் முன்வைத்த பகுப்பிலும் இதற்கு இடமுண்டு. தெக்கின் சில கிளைகளுக்கு இச்சொல்லின் வடிவத்தையே பெயராக வைத்தார். ஏழு என்னும் எண்ணுப்பெயர் கன்னடத்தில் 'ஏளு' எனவும் தெலுங்கில் 'ஏடு' எனவும் நிற்பதைக் கொண்டு தொல் திராவிட ழகரத்தின் வரலாற்றை நாம் விளக்குவதோடு இதனை ஒப்பிடலாம்.

3. இடைமெய்: ஒலித்தொடர்புகள்

ஒரு சொல்லின் வேறுபாடு மட்டும் எதனையும் நிறுவாது. அதே வேறுபாடு பிற சொற்களிலும் அதே ஒழுங்கில் வரவேண்டும். கயின் மரத்தின் பெயரையும் வாலின் பெயரையும் காண்க.

பூர்ச்ச மரம்: கஜாக்கியம் கயிங், ஹகாசியம் ஹஃஜிங், துவா ஹதிங், யாக்குத்தியம் ஹத்திங், சுவாசியம் ஹுரன்.

வால்: துருக்கி குய்ருக், ஹகாசியம் ஹுஃஜுருஹ், துவா குதுருக், யாக்குத்தியம் குத்துருக், சுவாசியம் ஹ்யூரெ.

(துருக்கியில் 'கயின்' என்னும் சொல் இன்று வேறொரு மரத்தைக் குறிக்கிறது, ஒலி வரலாற்றுக்கு அது தடையன்று.) மூன்று சொற்களிலும் ஒரே ஒழுங்கு அமைவதால் இது தற்செயலன்று எனலாம்.

இனி இவ்வொழுங்கிற்கு அடிப்படையான தொல்லொலி எது? ஐந்தனுள் எதனைத் தேர்வது? பெரும்பான்மையான மொழிகளில் யகரம் இருப்பதால் யகரமே தொன்மையானது என ஒருவர் வாதிடலாம். ஆனால் மீட்டுருவாக்கம் வாக்கெடுப்பன்று. நிலவைக் குறிக்கும் சொல்லைப் பார்த்தால் இது விளங்கும். துருக்கி, ஹகாசியம், துவா ஆகிய மூன்றிலும் அது 'அய்', சுவாசியத்தில் 'உயஹ்'. எங்கும் யகரம் யகரமாகவே நிற்கிறது. காலின் பெயரிலும் தொல் யகரமே இருந்திருந்தால், ஒரே யகரம் ஒரு சொல்லில் மாறியும் மற்றொன்றில் மாறாமலும் நின்றதற்குக் காரணம் கூற இயலாது.

சுவாசிய ரகரமே தொன்மையானது எனக் கொள்ளவும் இயலாது. கருமையைக் குறிக்கும் சொல் துருக்கியில் 'கர', சுவாசியத்தில் 'ஹுர'. தொல் ரகரம் இரண்டிலும் ரகரமாகவே உள்ளது. பெண்ணைக் குறிக்கும் சொல் துருக்கியில் 'கிஃஜ்', துவாவில் 'கிஸ்', ஹகாசியத்தில் 'ஹிஸ்', யாக்குத்தியத்தில் 'கீஸ்', சுவாசியத்தில் 'ஹெர்'. இது மற்றொரு தொடர்பு. இதற்கு வேறொரு தொல்லொலி வேண்டும். ஆகவே இன்றைய சுவாசிய ரகரம் மூன்று ஊற்றுகளிலிருந்து வந்து கலந்த ஒன்று. எது எவ்வூற்றினது என்பதைச் சுவாசியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தறிய முடியாது. பிற மொழிகளின் துணை வேண்டும். ஹகாசிய 'ஃஜ'வும் இதே காரணத்தால் விலக்கப்படுகிறது. பெண் என்னும் சொல்லில் அங்கு முற்றிலும் வேறான ஒலித்தொடர்பே அமைகிறது.

எஞ்சுவன ஒலிப்புடைய தகரமும் ஒலிப்பிலாத் தகரமும். கடினம் எனப் பொருள்படும் சொல் துருக்கியில் 'கத்தி', சுவாசியத்தில் 'ஹித்த'. ஒலிப்பிலாத் தொல் தகரம் இவ்விரு மொழிகளிலும் மாறாமல் நிற்பதை இது காட்டுகிறது. எனவே காலின் பெயரில் இருந்தது ஒலிப்புடைய தகரமே என்ற முடிவு பெறப்படுகிறது. யாக்குத்திய வடிவம் அதன் ஒலிப்பிழந்த நிலை.

மாற்றத்தின் திசையும் இம்முடிவுக்குத் துணைநிற்கிறது. உயிர்களுக்கிடையே நிற்கும் ஒலிப்புடைய அடைப்பொலி தளர்ந்து உரசொலியாவது இயல்பு. அவ்வுரசொலி ஓரிடத்தில் 'ஃஜ' ஆகவும், ஓரிடத்தில் யகரமாகவும், ஓரிடத்தில் ரகரமாகவும் திரியக்கூடும். 'அது' என்று தமிழர் சொல்லும்போது நாவில் பிறப்பது பெரும்பாலும் இந்த இடைநிலை உரசொலியே. சைபீரியாவிலும் வோல்காக் கரையிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாற்றத்தின் நடுப்படியை நாம் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருக்கிறோம்.

4. காலும் கிண்ணமும்

மேற்கண்ட முடிவை ஐயத்திற்கு இடமின்றி உறுதிசெய்யும் ஓர் இணை உண்டு. பழந்துருக்கியில் 'அதக்' என்றால் கால். 'அயக்' என்றால் கிண்ணம். இரண்டும் ஒரே மெய்யால் மட்டும் வேறுபடுகின்றன. இன்றும் துவாவில் கால் தொடர்பான சொல் அதக், கிண்ணம் அயக். ஹகாசியத்தில் கால் அஃஜஹ், கிண்ணம் அயஹ். தகரம் யகரமாக மாறிய மொழிகளிலோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. கஜாக்கியத்தில் 'அயக்' காலையும் குறிக்கும், கிண்ணத்தையும் குறிக்கும். பாத்திரம் பண்டங்களைக் குறிக்கும் 'இதிஸ்-அயக்' என்னும் இணைச்சொல்லில் உள்ளது கிண்ணமே.

துருக்கியில் கிண்ணம் என்னும் பொருள் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் உஸ்மானியச் செவ்வியல் கவிதையில் அது உயிருடன் இருந்தது. மதுக்கிண்ணத்தையும் காலையும் ஒரே சொல்லால் சுட்டும் சிலேடை அக்கவிஞர்க்கு விருப்பமான ஒன்று. இன்றைய அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் அங்கே காலை மட்டுமே காண்பார். ஓர் ஒலிமாற்றம் இரு சொற்களை ஒன்றாக்கியதையும், அவ்வொருமை கவிஞர்க்குக் கருவியானதையும் அறிந்தவரே அவ்வடியின் இரு பொருளையும் பெயர்க்க முயல்வார். வரலாற்று மொழியியல் மொழிபெயர்ப்புக்கு நேரே பயன்படும் இடங்களுள் இது ஒன்று.

5. எழுத்துச் சான்றுகள்

மங்கோலியாவின் ஓர்கொன் பள்ளத்தாக்கிலுள்ள கல்வெட்டுகள் துருக்கிய மொழிகளின் மிகப் பழைய விரிவான சான்றுகள். 732இல் நிறுவப்பட்ட குல் தெகின் கல்வெட்டும், 735இல் நிறுவப்பட்ட பில்கே ககான் கல்வெட்டும் அவற்றுள் முதன்மையானவை. டென்மார்க்கு அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1893இல் அவ்வெழுத்துகளைப் படித்தறிந்தார். மக்களின் கால் தளர்ந்து நிலைமை மோசமாகவிருந்த போர்ச்சூழலைக் கூறுமிடத்தில் நம் சொல் தகரத்துடன் அங்கே எழுதப்பட்டுள்ளது. ஒப்பீட்டால் பெற்ற தகரத்தை எட்டாம் நூற்றாண்டின் கல் உறுதிசெய்கிறது.

அடுத்த சான்று இன்னும் வியப்பூட்டுவது. பதினொன்றாம் நூற்றாண்டின் 70களில் மஹ்மூத் அல் காஷ்கரி, துருக்கிய மொழிகளின் அகராதி ஒன்றை அரபு மொழியில் இயற்றினார். அதன் ஒரே கையெழுத்துப்படி 1266இல் எழுதப்பட்டது. அது இன்று இஸ்தான்புல்லில் உள்ளது. காஷ்கரி சொற்களைத் தொகுத்ததோடு நிற்கவில்லை. கிளைமொழி வேறுபாடுகளையும் முறைப்படுத்திக் கூறினார். சிகில் மக்கள் உரச தகரம் ஒலிக்குமிடத்தில் கிப்சாக்கர் முதலியோர் 'ஃஜ' ஒலிப்பர் என்றும், வேறு சில குழுவினர் யகரம் ஒலிப்பர் என்றும் எடுத்துக்காட்டுகளுடன் எழுதினார். காலின் பெயர் அவ்வெடுத்துக்காட்டுகளுள் ஒன்று. ஒழுங்கான ஒலித்தொடர்பு என்னும் கருத்து ஐரோப்பாவில் உருப்பெறுவதற்கு ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட குறிப்பு இது. மூலமொழி ஒன்றை மீட்டுருவாக்கும் நோக்கம் அவருக்கு இல்லை. எனினும் தனித்தனிச் சொற்களின் திரிபாக அன்றி, ஓர் ஒலி முழுவதும் மற்றோர் ஒலியாக அமைவதை அவர் கண்டார் என்பது கருதத்தக்கது.

காஷ்கரி 'ஃஜ' ஒலிப்போர் பட்டியலில் வோல்கா பல்காரையும் சேர்த்துள்ளார். பல்காரின் மொழி இன்றைய சுவாசியத்தின் முன்னிலை, சுவாசியத்திலோ ரகரம். இது முரண் போலத் தோன்றும். பல்காரைப் பற்றி அவர் நேரறிவோடு எழுதினாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் உரசொலியிலிருந்து ரகரத்திற்குச் செல்லும் வழியில் 'ஃஜ' போன்ற ஒலி கேட்டிருக்கலாம் என்பதற்கு வேறொரு சான்றும் உள்ளது. ஹங்கேரிய மொழியில் கோதுமை 'பூஃஜா'. இது பல்கார் வகை மொழியிலிருந்து பெற்ற கடன்சொல் என்பர். துருக்கியில் இதன் இனச்சொல் 'புக்தய்', சுவாசியத்தில் 'பரி'. ஹங்கேரியர் கடன் வாங்கிய காலத்தில் ரகரம் இன்னும் தோன்றவில்லை; உரசொலி நிலையே இருந்தது. கடன்சொல், தாய்மொழி கைவிட்ட ஒலியைப் பிறர் வீட்டில் பாதுகாத்து வைக்கிறது. மங்கோலியத்தில் முடிவு, ஆற்றின் கீழ்ப்பகுதி எனப் பொருள்படும் 'அதக்' என்னும் சொல்லும் துருக்கியத்திலிருந்து சென்ற கடனே. அதிலும் தகரம் நிலைத்துள்ளது.

6. முதலொலி: கலஜ் மொழியின் சான்று

இதுவரை பெற்றது *அதக். கல்வெட்டிலும் காஷ்கரியிலும் சொல் உயிரில்தான் தொடங்குகிறது. சான்றுகள் இவ்வளவே எனில் ஆய்வு இங்கு முடிந்திருக்கும். ஆனால் கலஜ் மொழி 'ஹதக்' என்கிறது.

நடு ஈரானில் பாரசீகம் பேசுவோர் சூழ வாழும் கலஜ் மக்களிடம் விளாதிமிர் மினோர்ஸ்கி 1906இல் சில சொற்களைத் திரட்டினார். 1940இல் அவற்றை வெளியிட்டார். எனினும் அது அஜர்பைஜானியத்தின் ஒரு கிளைமொழியாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் தொர்ஃபர் 1968இல் மேற்கொண்ட கள ஆய்வுக்குப் பின்னரே அதன் தனித்தன்மை வெளிப்பட்டது. இடையில் தகரம் அப்படியே உள்ளது. முதலில் ஹகரம் உள்ளது. குதிரை பிற மொழிகளில் 'அத்', கலஜில் 'ஹத்'.

இந்த ஹகரம் பின்னர் ஒட்டிக்கொண்டதா, தொன்மையானதா? உயிரில் தொடங்கும் எல்லாச் சொற்களிலும் அது வந்திருந்தால் பிற்கால ஒட்டு எனத் தள்ளிவிடலாம். அவ்வாறு வரவில்லை, சிலவற்றில் மட்டுமே வருகிறது. எவற்றில் வரும் என்பதைச் சூழல் கொண்டு விதிக்கவும் முடியவில்லை. விதியால் விளக்க முடியாத வேறுபாட்டை மூலமொழிக்கே உரியதாகக் கொள்வது ஒப்பீட்டு முறையின் நெறி. இதனை ஏற்காத அறிஞரும் உளர். ஆயினும் *ஹதக் என்னும் மீட்டுருவாக்கமே இன்று பெரிதும் வலுவுடையது.

சொல்முதல் ஹகரம் மறைவது நமக்குப் புதிதன்று. தமிழின் பால் பழங்கன்னடத்தில் 'பாலு', பின்னர் 'ஹாலு', இன்று நாட்டுப்புறப் பேச்சில் பலர் வாயில் 'ஆலு'. பகரம் ஹகரமாகி, ஹகரம் மறையும் இப்பாதையைத் துருக்கியத்திற்கும் பொருத்தி, *ஹதக் என்பதற்கும் முன் *பதக் இருந்தது என்போர் உளர். துருக்கியம், மங்கோலியம், துங்கூசியம் மூன்றும் ஒரே குடும்பம் என்னும் அல்தாயியக் கருதுகோளை ஏற்பவர்க்கு இது உவப்பானது. ஆனால் அக்கருதுகோளைப் பலர் ஏற்பதில்லை. கலஜ் ஹகரத்தை உலகறியச் செய்த தொர்ஃபரே அதன் கடுமையான எதிர்ப்பாளர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

7. பொருள் வரலாறு

துவாவில் அதக் இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதி, முடிவு என்னும் பொருளில் வழங்குகிறது. காலுக்கு வேறு சொல் வந்துவிட்டது. தமிழில் 'அடி' மலையடி, மரத்தடி என இடத்தைக் குறிப்பதும், உறுப்பைக் குறிக்கப் பேச்சில் 'கால்' முந்திக்கொண்டதும் இதற்கு இணையான வளர்ச்சிகள்.

துருக்கியில் செருப்புக்கு 'அயக்கபி'. 'காலின் கூடு' என்பது அதன் சொற்பொருள். 'அயக்லன்மக்' என்றால் கிளர்ந்தெழுதல். நாட்டுப்புறப் பாணர் மரபில் 'அயக்' இயைபுத்தொடையைக் குறிக்கும் கலைச்சொல். இங்கு மொழிபெயர்ப்பாளர் விழிப்பாக இருத்தல் வேண்டும். தமிழில் அடி என்பது செய்யுளின் வரி. ஆங்கில யாப்பில் கால் எனப் பொருள்படும் சொல் நம் சீருக்கு இணையானது. துருக்கியில் அது இயைபு. மூன்று மரபுகளும் ஒரே உறுப்பின் பெயரை யாப்புக்குக் கொண்டுவந்து மூன்று வெவ்வேறு உறுப்புகளுக்குச் சூட்டியுள்ளன. ஆங்கிலம் வழியாகத் துருக்கிப் பாடலைப் பெயர்ப்பவர் இயைபைச் சீர் என்றோ அடி என்றோ எழுதிவிடும் வாய்ப்பு மிகுதி.

8. 'அடி'யும் 'அதக்'கும்

இனி முன்னுரையில் நிறுத்திவைத்த வினாவுக்கு வரலாம். பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பகராதி தமிழ் அடி, மலையாள அடி, கன்னட அடி, தெலுங்கு அடுகு ஆகியவற்றை ஒரே பதிவில் தொகுத்துள்ளது. இவற்றின் இடைமெய் நாமடி ஒலி. துருக்கியச் சொல்லில் உள்ளதோ பல்லொலி. தொல் திராவிடத்தில் இவ்விரண்டும் வேறுவேறு ஒலியன்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. இவ்விரு ஒலிகளும் ஒழுங்காகத் தொடர்புறும் வேறு சொற்கள் பலவற்றைக் காட்டினாலன்றி இந்த ஒப்புமை சான்றாகாது.

தெலுங்கு வடிவத்தின் இறுதிக் குகரம் தெலுங்குக்கே உரிய விகுதி. துருக்கியின் ககரத்தோடு அதனை இணைப்பது பொருந்தாது. துருக்கியில் காது, கன்னம், உதடு முதலிய உறுப்புப் பெயர்கள் பலவும் 'குலக்', 'யனக்', 'துதக்' எனக் ககரத்தில் முடிகின்றன. அது விகுதியாக இருக்கலாம் என்றாலும், ஒப்புமைக்கு வேண்டிய இடத்தில் மட்டும் அதனை வெட்டியெடுப்பது முறையன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது முதலொலி. எட்டாம் நூற்றாண்டு வடிவம் தமிழுக்கு அருகில் நிற்கிறது. ஆனால் மூலவடிவம் *ஹதக்; *பதக் எனக் கொண்டால் அது வடமொழியின் 'பத', இலத்தீனின் 'பெத்' ஆகியவற்றுக்கு அருகில் சென்றுவிடுகிறது! வெளித்தோற்றத்தை நம்புவோர் ஒரே சொல்லை, ஒரு காலத்தில் திராவிடத்தோடும் அதற்கு முந்திய காலத்தில் இந்தோ-ஐரோப்பியத்தோடும் உறவாக்க வேண்டிவரும். இரண்டும் ஒருங்கே உண்மையாக முடியாது. உண்மையான உறவாயின், பின்னோக்கிச் செல்லச் செல்ல வடிவங்கள் நெருங்க வேண்டும். இங்கோ விலகுகின்றன. எனவே அடிக்கும் அதக்குக்கும் உள்ள ஒப்புமை தற்செயலே என்பது இக்கட்டுரையின் துணிபு. இதனால் தமிழின் தொன்மைக்கு எக்குறையும் நேர்வதில்லை. அத்தொன்மை இத்தகைய ஒப்புமைகளைச் சார்ந்து நிற்பதன்று.

9. முடிவுரை

தொல் துருக்கியத்தில் காலின் பெயர் *ஹதக். அதன் இடைமெய் பல மொழிகளின் ஒழுங்கான வேறுபாட்டாலும், கால், கிண்ணம் என்னும் இணையாலும், எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டாலும், காஷ்கரியின் குறிப்பாலும் நிறுவப்படுகிறது. அதன் முதலொலியோ ஏறக்குறைய முழுவதும் ஒரே ஒரு சிறு மொழியின் சான்றில் நிற்கிறது.

இந்த இறுதிச் செய்தி நம் நாட்டு ஆய்வாளர்க்குத் தனியே சொல்லத்தக்கது. கலஜ் பேசுவோர் பாரசீகத்திற்கு மாறிவருகின்றனர். 1968க்கு முன்பே அம்மொழி அழிந்திருந்தால், கல்வெட்டுகளும் அகராதிகளும் பெருமொழிகளின் இலக்கியங்களும் ஒருசேரத் துணைநின்றும், நாம் *அதக் என்னும் முழுமையற்ற வடிவத்தோடு நின்றிருப்போம்; அது முழுமையற்றது என்பதையும் அறிந்திருக்க மாட்டோம். எமனோ 1930களில் நீலகிரியில் தோடா, கோத்தா மொழிகளைப் பதிவுசெய்ததன் பயனைத் திராவிட ஒப்பியல் இன்றும் துய்க்கிறது. எழுத்தில்லா மொழியின் பேச்சாளர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஒரு சொல், கல்வெட்டும் சொல்லாத செய்தியைச் சொல்லக்கூடும். அதைக் கேட்பதற்குரிய காலமோ குறுகிக்கொண்டே வருகிறது.